காபியா? கலரா?



'அன்றாடம் அருந்த ஏற்றது காபியா? குளிர்பானமா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் குளிர்பானத்துக்காக வியர்க்க வியர்க்கப் பேசினார். பேசி உட்கார்ந்ததும் ஒரு தம்பி வந்து, "சார், குடிக்க என்ன கொண்டு வரட்டும்?"னு கேட்டான். அவர் காதோட காதா என்ன சொன்னார் தெரியுமா? "தொண்டை கட்டிக்கிச்சுப்பா. சூடா ஒரு காபி, சர்க்கரை கம்மியா." (சிரிப்பு, கைதட்டல்)

தீர்ப்பு அங்கேயே வந்துருச்சுங்க. ஆனாலும் எதிரணி மூணு கேள்வி கேட்டாங்க. மூணும் நல்ல கேள்வி. சிரிச்சு மழுப்பக்கூடாது. ஒண்ணு: 'காபி மட்டும் நம்ம ஊர்ச் சரக்கா? அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?' ரெண்டு: 'காபி ஜாதி பார்த்துச்சு. சோடா பாட்டில் ஜாதி பார்த்துச்சா?' மூணு: 'காபியினாலே அடுப்படியிலே வேகுறது யார்? பெண்கள்தானே? பாட்டிலைத் திறந்தா வேலை முடிஞ்சுது!' இந்த மூணுக்கும் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி. காபி வெளியூர்ச் சரக்குதான். நான் மறுக்கவே இல்லை. சங்க இலக்கியத்திலே தேன் உண்டு, கள் உண்டு, பால் உண்டு, மோர் உண்டு. காபி கிடையாது. அதற்குத் தமிழிலே ஒரு பேர் வைக்கவே நம்ம ஆட்கள் பட்ட பாடு இருக்கே! கொட்டையைப் பார்த்தால் மாட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருக்குன்னு 'குளம்பி'ன்னு வச்சாங்க. இன்னொருத்தர் 'கொட்டைவடிநீர்'னு வச்சார். தமிழ் வாத்தியார் நான் சொல்றேன், ஓட்டலுக்குப் போய் 'ஒரு கொட்டைவடிநீர்'னு கேட்டுப் பாருங்க. சர்வர் நேரா முதலாளியைக் கூட்டிக்கிட்டு வந்துருவார். (சிரிப்பு) தேயிலைக்கு வச்ச 'தேநீர்' நின்னுச்சு. குளம்பி நிக்கலே. காபி காபியாகவே தமிழாயிருச்சு.

எப்படி வந்தது? பதினேழாம் நூற்றாண்டிலே பாபா புடன் என்கிற சூஃபிப் பெரியவர் மெக்காவுக்குப் புனிதப் பயணம் போய்த் திரும்பும்போது, ஏமன் நாட்டு மோக்காத் துறைமுகத்திலிருந்து ஏழே ஏழு காபிக்கொட்டையை மறைத்து எடுத்து வந்து, கர்நாடகத்துச் சிக்மகளூர் மலையிலே ஊன்றினார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த மலைக்கு இன்றைக்கும் அவர் பேர்தான், பாபா புடன்கிரி. முளைக்கிற கொட்டை வெளிநாட்டுக்குப் போகக்கூடாதுன்னு அரபு வியாபாரிகள் காவல் காத்த காலம் அது. கதையோ, நடந்ததோ, ஒரு முஸ்லிம் பெரியவர் கொண்டுவந்த விதைதான் பிற்காலத்திலே அக்கிரகாரத்து அடுப்படியிலே மணத்ததுன்னு ஊரே சொல்லுதே, அது எனக்குப் பிடிச்சிருக்கு. (கைதட்டல்)

பெரிய தோட்டமாகப் போட்டவன் வெள்ளைக்காரன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையிலே ஏற்காட்டுப் பக்கம் காபி பயிரிட்டார். பிறகு குடகு, வயநாடு, நீலகிரி என்று தோட்டங்கள் பரவின. கடல் தாண்டி இலங்கையிலும் பரவின. அந்த இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எங்கேயிருந்து போனாங்க? நம்ம சீமையிலிருந்து. பஞ்சம் பிழைக்கப் போனவங்க. மன்னார்க் கரையிலே இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கு. 1869இல் இலங்கையிலே காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்தது. இருபது வருஷத்திலே தோட்டமெல்லாம் போச்சு, அந்த இடத்திலே தேயிலை வந்தது. நம்ம ஜனம் மட்டும் அங்கேயே லயத்திலே தங்கிருச்சு.

இதை ஏன் சொல்றேன்? காபி பக்கம் பேச வந்தவன் காபியின் கறையை மறைக்கக்கூடாது. அந்தக் கொட்டையிலே தமிழன் உயிர் கலந்திருக்கு. எதிரணி 'வெள்ளைக்காரன் சரக்கு'ன்னு ஒரே வார்த்தையிலே தள்ளிடுறாங்க. வெள்ளைக்காரன் முதல் போட்டான். சுமந்தது யார்? கிள்ளினது யார்? அந்தக் கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? (கைதட்டல்)

சரி, வீட்டுக்குள்ளே எப்படி வந்தது? அதற்கு முன்னாலே நம்ம வீட்டிலே காலையிலே என்ன குடிச்சாங்க? நீராகாரம். பழைய சோற்றுத் தண்ணியிலே உப்பு, கொஞ்சம் மோர், ஒரு வெங்காயம். வெயிலுக்கு மோர், விசேஷத்துக்குப் பானகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காபி பட்டணத்து வீடுகளுக்குள்ளே நுழைந்தபோது, பெரியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். உடம்பு கெட்டது, காசு கெட்டது, ஆசாரம் கெட்டதுன்னு. காந்தியடிகளே தம்முடைய உடல்நல நூலிலே தேநீர், காபி, கோகோ மூன்றும் உடம்புக்குத் தேவையில்லை என்றுதான் எழுதினார். இன்றைக்கு நாம கலரைத் திட்டுகிற திட்டெல்லாம் அன்றைக்குக் காபி வாங்கிய திட்டு!

எதிரணி சிரிக்கிறாங்க. 'அப்போ கலரும் நாளைக்கு நம்முடையது ஆயிரும்'னு கணக்குப் போடுறாங்க. அங்கேதான் ஐயா வித்தியாசம் இருக்கு. வந்த காபியை நாம வந்தபடியேவா குடிச்சோம்? கொட்டையை வாங்கினோம். வாணலியிலே நாமே வறுத்தோம். கை மிஷினிலே அரைத்தோம். பித்தளையிலே ரெண்டு அடுக்குப் பில்டர் செய்தோம். மேல் அடுக்கிலே பொடியைப் போட்டு, அழுத்தி, கொதிக்கிற தண்ணியை ஊற்றினால், அது அவசரமே இல்லாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். அதுக்குப் பேர் டிகாஷன். அதிலே கறந்த பாலைக் காய்ச்சி ஊற்றினோம். டபராவுக்கும் டம்ளருக்குமாக ஆற்றி நுரை கட்டினோம். ஏமனிலே இப்படிக் குடிக்கலே, லண்டனிலே இப்படிக் குடிக்கலே. நெப்போலியன் காலத்திலே ஐரோப்பாவுக்குக் காபிக்கொட்டை வர்றது தடைப்பட்டபோது, சிக்கரிங்கிற வேரை வறுத்துப் பொடிச்சுச் சேர்த்துச் சமாளிச்சாங்க. அதையும் நம்மவங்க வாங்கி, 'எனக்கு சிக்கரி இல்லாமே', 'எனக்கு எண்பதுக்கு இருபது'ன்னு ஆளுக்கு ஒரு கணக்கு வச்சுக்கிட்டாங்க. சிக்கரி 49 சதவீதத்துக்கு மேலே போகக்கூடாது, பாக்கெட்டிலே அளவைப் போட்டே ஆகணும்னு இன்றைக்குச் சட்டமே இருக்கு. கும்பகோணத்துக்காரர் அதற்கு 'டிகிரி காபி'ன்னு பட்டமே கொடுத்துட்டார். எங்க பல்கலைக்கழகம்கூட அவ்வளவு சுலபமா டிகிரி கொடுக்காது. (சிரிப்பு)

வெளியிலிருந்து வந்த பொருளுக்குள்ளே நம்ம கை போச்சு. எப்போ கை போச்சோ, அப்போ அது நம்முடையதாச்சு.

இப்போ கலர் கதைக்கு வாங்க. அதற்கும் மரியாதையான வரலாறு உண்டு. 1767இல் இங்கிலாந்திலே லீட்ஸ் நகரத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர், மதுபானத் தொட்டிக்கு மேலே மிதந்த வாயுவைத் தண்ணியிலே கலந்து பார்த்தார். சோடா பிறந்தது. 1783இல் ஜெனீவாவிலே ஷ்வெப் என்கிறவர் அதை வியாபாரமாக்கினார். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கழுத்திலே கோலிக்குண்டு வச்ச பாட்டிலுக்கு உரிமை வாங்கினார். அதுதான் நம்ம கோலி சோடா! கட்டை விரலால் அழுத்தினால் 'டப்'புன்னு சத்தம். திருவிழாக் கடையிலே பன்னீர் சோடா, இஞ்சிச் சோடா, சிவப்புக் கலர், பச்சைக் கலர்.

அந்தக் கோலி சோடாவை நான் பழிக்க மாட்டேன். அதிலே நம்ம கை இருந்தது. ஊருக்கு ஊர் சோடாக் கம்பெனி இருந்தது. நம்ம ஊர்த் தண்ணி, நம்ம ஊர் எசென்ஸ், சைக்கிள் கேரியரிலே பெட்டி. விருதுநகரிலே 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், அவர்களுடைய பொவண்டோ, இதெல்லாம் தமிழ்நாட்டுத் தொழில் வரலாறு. கல்யாண வீட்டிலே ஒரு பாட்டில் கலர் கொடுத்தால் அது கௌரவம். விசேஷத்துக்குக் கலர், யாரும் வேண்டாங்கலே. இன்றைய தலைப்பு 'அன்றாடம்'. அந்தச் சொல்லை எதிரணி வசதியா மறந்துட்டாங்க.

பிறகு என்ன ஆச்சு? 1886இல் அமெரிக்காவிலே அட்லாண்டா நகரத்தில் பெம்பர்ட்டன் என்கிற மருந்துக்காரர் கோகோ கோலாவை உண்டாக்கினார். அது 1950களிலே நம்ம நாட்டுக்குள்ளேயும் விற்றுக்கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி தன் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கணும். 1977இல் ஜனதா ஆட்சியிலே தொழில் அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ், பங்கையும் குறை, செய்முறையையும் சொல்லுன்னார். கம்பெனி என்ன சொல்லுச்சு? 'நாட்டை விட்டுப் போனாலும் போவோம், பக்குவத்தை மட்டும் சொல்ல மாட்டோம்'னு கிளம்பிருச்சு. அரசாங்கமே '77' என்று ஒரு கோலா போட்டுப் பார்த்தது. ரொம்ப நாள் நிக்கலே. தம்ஸ் அப்பும் கேம்பாவும் அந்த இடத்தைப் பிடித்தன. 1990இல் பெப்சி வந்தது. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்து, தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் மூணையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஊர் ஊராக இருந்த சோடாக் கம்பெனிகளில் எத்தனையோ அதற்கப்புறம் கதவடைத்தன.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலே பிள்ளைகள் கூடினாங்களே, அப்போ 'அந்நியக் குளிர்பானம் வேண்டாம்' என்ற குரலும் சேர்ந்து எழுந்தது. மார்ச் 1ஆம் தேதியிலிருந்து விற்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணியைக் குளிர்பான ஆலைக்குக் கொடுக்கலாமா என்ற வழக்கும் அதே நேரத்திலே மதுரையிலே நடந்தது. ஆலைக்குத் தண்ணி கொடுக்கத் தடையில்லைன்னு மார்ச் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் சொல்லியது. கொஞ்ச நாளிலே பாட்டிலும் மெல்லக் கடைக்குத் திரும்பி வந்துருச்சு.

நான் இதிலே எடுத்துக்கிறது ஒரே ஒரு விஷயம். நாட்டையே விட்டுப் போனாலும் செய்முறையைச் சொல்ல மாட்டேன்கிறது கலர். காபிக்கு அந்த ரகசியம் உண்டா? எதிர் வீட்டு மாமி காபி நல்லா இருந்தா, கேட்டவுடனே சொல்லுவாங்க: 'ரெண்டு கரண்டி பொடி, தண்ணி தளதளன்னு கொதிக்கணும், பாலை ரெண்டாந்தரம் காய்ச்சாதே.' கேட்காமலே சொல்ற மாமியும் உண்டு! (சிரிப்பு) மூடி போட்டு வர்றதுக்குள்ளே நம்ம கை எப்படிப் போகும்?

கை போறது வெறும் பெருமைக்கு இல்லைங்க. உடம்புக் கணக்கும் அதிலேதான் இருக்கு. சாதாரண கோலா 300 மில்லி பாட்டிலிலே 30 கிராமுக்கு மேலே சர்க்கரை இருக்கு. டீஸ்பூன் கணக்கிலே ஆறு, ஏழு. வளர்ந்த ஆள் ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 50 கிராமுக்குள்ளே, முடிஞ்சா 25 கிராமுக்குள்ளே இருக்கட்டும்னு உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒரே பாட்டிலிலே அந்த 25 தாண்டிருச்சு. சில்லுன்னு இருக்கிறதாலே நாக்குக்கு அந்த இனிப்பு முழுசாத் தெரியறதில்லை. அதே பாட்டிலைச் சூடு பண்ணிக் குடிச்சுப் பாருங்க, பாகு மாதிரி இருக்கும்.

எதிரணித் தங்கை சொல்லுது, 'சர்க்கரையே இல்லாத கலர் வந்துருச்சு சார்'னு. வந்துருச்சும்மா. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற அந்த இனிப்புகளை நம்பி எடையைக் குறைக்கப் பார்க்காதீங்கன்னு அதே நிறுவனம் 2023இல் சொல்லிருச்சு.

காபியிலே சர்க்கரை இல்லையா? இருக்கு. ரெண்டு ஸ்பூன் போட்டு மூணு காபி குடிச்சா அதுவும் ஒரு பாட்டில் கணக்குக்கு வந்துரும். நியாயத்தைச் சொல்லணும்ல? ஆனா டாக்டர் 'சுகர் எட்டிப் பார்க்குது'ன்னு சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே ரெண்டை ஒண்ணாக்கலாம், ஒண்ணை அரையாக்கலாம், அரையை விட்டே விடலாம். ஸ்பூன் நம்ம கையிலே இருக்கு. பாட்டிலுக்குள்ளே ஸ்பூன் விட முடியுமா? அதோட, சின்னப் பிள்ளைகளுக்குக் காபி வேண்டாம். சாப்பிட்ட கையோடு காபி வேண்டாம், சாப்பாட்டிலே இருக்கிற இரும்புச்சத்து உடம்பிலே சேர்றதைக் குறைச்சுரும். தூக்கம் வராதவங்க சாயங்காலத்துக்கு மேலே தொட வேண்டாம். தாகத்துக்குத் தண்ணி இருக்கு, மோர் இருக்கு. இது தாகத்துக்கு இல்லை.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். 'காபி ஜாதி பார்த்தது.' இந்தக் கேள்வி கேட்ட தம்பியை நான் மதிக்கிறேன். உண்மை. அந்தக் காலத்து ஓட்டல்களிலே 'பிராமணாள் காபி கிளப்' என்று பலகை தொங்கியது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடையிலே பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். ஒரே ரயிலிலே, ஒரே பெஞ்சிலே, இடிச்சுக்கிட்டு உட்கார்ந்து வந்தவங்க, இறங்கிக் காபி குடிக்கும்போது மட்டும் பிரியணும்! பெரியாரின் இயக்கம் எதிர்த்துப் போராடியது. ரயில்வேயிலே அந்தப் பிரிவு 1941இல் ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலே முரளி கபே முன்னாலே, பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லித் தினந்தோறும் மறியல். நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். கடைசியிலே அந்தச் சொல் பலகையை விட்டுப் போச்சு.

கிராமத்திலே இன்னும் கொடுமை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்க ஊர்ப் பக்கத்துக் கடை ஒன்றிலே பெஞ்சிலே உட்காரும் ஆளுக்குக் கண்ணாடி டம்ளர். சேரியிலிருந்து வரும் பெரியவருக்கு, எங்க தாத்தா வயசு அவருக்கு, கூரையிலே சொருகி வச்ச சிரட்டை. குடிச்சுட்டு அவரே கழுவி அவரே சொருகணும். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955லேயே வந்தாச்சு. சட்டம் வந்து எத்தனையோ வருஷம் கழிச்சு நான் கண்ணாலே பார்த்தது இது. ரெட்டை டம்ளர் முழுசா ஒழிஞ்சுருச்சுன்னு இன்றைக்கும் மார் தட்டிச் சொல்ல முடியாது.

அப்போ பாட்டில்தான் சமத்துவமா? யோசிச்சுப் பாருங்க. அடைச்ச பாட்டிலிலே ஒருத்தன் கை இன்னொருத்தன் மேலே படறதில்லை, அதனாலே சண்டை வரலே. சண்டை வராத இடத்திலே சமத்துவம் வந்துருச்சுன்னு அர்த்தமா? தொடாமலே இருந்தா தீண்டாமை ஒழிஞ்சதாகுமா? ஒரே டபராவிலே, ஒருத்தர் கை பட்டதை இன்னொருத்தர் வாங்கிக் குடிக்கணும். அங்கேதான் மனுஷன் மாறினானா இல்லையான்னு தெரியும். அதனாலேதான் போராட்டம் காபிக்கடை வாசலிலே நடந்தது. இன்றைக்கு நகரத்து ஓட்டலிலே நான் குடிச்ச டம்ளரை யார் அடுத்துக் குடிப்பார்னு எனக்குத் தெரியாது, எனக்கு முன்னாலே குடிச்சது யார்னும் கேட்க மாட்டேன். அந்தக் கேட்காத நிலைமை சும்மா வரலே. சிறைக்குப் போய் வாங்கினது. போராடி வாங்கின டம்ளரைக் கீழே வைக்கச் சொல்றீங்களே, நியாயமா? (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணும் சொல்லணும். காபிக்கடைன்னா மனுஷன் கூடிப் பேசற இடம். அதனாலேதான் ஆட்சியிலே இருக்கிறவங்களுக்கு அதைக் கண்டால் பயம். 1511இல் மெக்காவிலே ஆளுநர் காபிக்குத் தடை போட்டார். 1675 டிசம்பர் கடைசியிலே இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், 'காபிக் கடையிலே உட்கார்ந்து என் ஆட்சியைப் பற்றி வம்பு பேசறாங்க'ன்னு எல்லாக் கடையையும் மூடச் சொன்னார். ஜனங்க போட்ட கூச்சலிலே ரெண்டு வாரம்கூடத் தாங்கலே, ராஜாவே உத்தரவை வாபஸ் வாங்கினார். நம்ம நாட்டிலே 1936இல் பம்பாயில் தொடங்கின இந்தியா காபி ஹவுஸ் வரலாறு இன்னும் அழகு. 1950களில் காபி போர்டு கடைகளை மூடத் தொடங்கியது. வேலை போன தொழிலாளிகள் ஏ.கே. கோபாலன் வழிகாட்டுதலிலே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, 1957லிருந்து தாங்களே கடையை நடத்த ஆரம்பிச்சாங்க. பரிமாறுகிறவரே பங்குதாரர். கலர் குடிச்ச இடத்திலே அப்படி ஒரு சங்கம் உண்டா? பாட்டிலை வாயிலே கவிழ்த்தோம், காலிப் பாட்டிலைக் கொடுத்தோம், நடையைக் கட்டினோம். அவ்வளவுதான்.

சந்தோஷத்துக்குக் கலர் வரும். துக்கத்துக்கு? ஒரு வீட்டிலே சாவு விழுந்தால் அன்றைக்கு அந்த வீட்டிலே அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலேயிருந்து ஒரு பெரிய பாத்திரத்திலே காபி வரும். 'ஒரு வாய் குடிச்சுக்கம்மா, நேத்திலிருந்து தண்ணிகூடக் குடிக்கலே'ன்னு ஒரு அம்மா டம்ளரைக் கையிலே திணிப்பாங்க. அழுதுக்கிட்டே வாங்கிக் குடிக்கும் அந்தப் பெண். ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத வீடா இருந்தாலும் அன்றைக்குக் காபி வந்துரும். பங்காளிச் சண்டை அந்த டம்ளரிலே தீர்ந்ததை நான் பார்த்திருக்கேன். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே வச்சார். சாவு வீட்டுக்குப் போற காபியும் அந்த அதிகாரத்திலே சேரும்னு நான் பொருள் கொள்றேன்.

மூணாவது கேள்வி. இதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது. 'காபிக்காக வேகறது பெண்கள்.' ஆமா. விடியக்காலை நாலரைக்கு எழுந்து டிகாஷன் இறக்கி, பால்காரருக்குக் காத்திருந்து, மாமனாருக்கு ஸ்ட்ராங், மாமியாருக்கு லைட், புருஷனுக்குச் சர்க்கரை தூக்கலா, கொழுந்தனுக்கு நுரை அதிகமான்னு ஏழு விதம் போட்டு, கடைசியிலே அந்தம்மா குடிக்கிறது பில்டர் அடியிலே தங்கின ரெண்டாம் டிகாஷன். அதுவும் ஆறிப் போயிருக்கும். பெண் பார்க்க வந்தாலும் காபித் தட்டோடத்தான் பெண் வரணும். பெண்ணைப் பார்க்க வந்தானா, காபியைப் பார்க்க வந்தானா? கைப்பக்குவம்னு நான் இவ்வளவு நேரம் புகழ்ந்தேனே, அந்தக் கை யாருடைய கை? நூறு வருஷமா ஒரே கையாகத்தான் இருக்கு. அது நியாயமில்லை.

ஆனா அதுக்கு வழி பாட்டிலா? அடுப்படி வேலை ஒரே ஆள் தலையிலே இருக்குன்னா, வேலையைப் பகிர்ந்துக்கணுமா, காபியை விட்டுடணுமா? பில்டருக்கு ஆணென்றும் பெண்ணென்றும் தெரியாது. பொடி போட, தண்ணி ஊற்ற, பால் காய்ச்ச என்ன பெரிய சாஸ்திரம்? செய்முறையிலே ரகசியமே இல்லைன்னு முன்னாலேயே சொன்னேன். ரகசியம் இல்லேன்னா ஆம்பளையும் கத்துக்கலாம்னுதான் அர்த்தம்! (பெண்கள் பகுதியில் நீண்ட கைதட்டல்) கைதட்டறது எந்தப் பக்கம்னு கேமராக்காரர் காட்டுங்க. ஆண்கள் பக்கம் மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச மாதிரி இருக்கு. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, முடிச்சுக்கிறேன். காபி அன்னியமாக வந்தது; நம்ம கை பட்டு நம்முடையது ஆனது. காபி ஜாதி பார்த்தது. மனுஷங்க போராடி அதன் கண்ணைத் திறந்தாங்க. காபி பெண்ணை அடுப்படியிலே நிறுத்தியது. அதையும் நாளைக் காலையிலேயே மாற்றலாம். நாம கை வைத்துத் திருத்த முடிகிற பானம் அது. மூடி போட்டு வர்ற பாட்டிலிலே சர்க்கரை அளவு முதல் பேர் வரைக்கும் எவனோ எங்கேயோ முடிவு பண்ணிட்டான். நமக்கு மிஞ்சுறது காசு கொடுக்கிற வேலை மட்டும். திருவிழாவுக்குக் கலர் இருக்கட்டும், அதிலும் நம்ம ஊர்க்காரன் கலராகப் பார்த்து வாங்குங்க. ஆனா தினமும் கையிலே எடுக்கிற பொருள், அளவு நம்ம கையிலே இருக்கிற பொருளாகத்தான் இருக்கணும். அன்றாடம் அருந்த ஏற்றது காபியே என்று தீர்ப்பளிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

வீட்டிலே பார்த்துக்கிட்டிருக்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் சரி, நாளைக்குக் காலையிலே நீங்க முதல்லே எழுந்திருங்க. முதல் டிகாஷனிலே ஒரு டம்ளர் கலந்து, வீட்டம்மா எழுந்திருக்கும்போது சூடாகக் கையிலே கொடுங்க. நல்லா இல்லைன்னா அவங்களே அளவைச் சொல்லித் தருவாங்க.